செனற்றர் நொரிஸ்: உழவரும் ஆறும் மின்சாரமும்

சட்டசபைகளில் உழவரின் பெயரைச் சொல்லாத அங்கத்தவர் எந்த நாட்டிலும் இலர். ஆயினும், உழவனின் வயலில் விழும் மழைநீர் தொடக்கம் அவன் வீட்டில் எரியும் விளக்கு ஈறாக யாவற்றையும் ஒரே பிரச்சினையின் பகுதிகளாகக் கண்டு, அதற்கேற்பச் சட்டமியற்றப் பல்லாண்டு போராடியவர் மிகச் சிலரே. அச்சிலருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர், ஐக்கிய அமெரிக்காவின் நெபிராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் வில்லியம் நொரிஸ். 1903 முதல் 1913 வரை பிரதிநிதிகள் சபையிலும், 1913 முதல் 1943 ஜனவரி வரை செனற் சபையிலுமாக அவர் நாற்பது ஆண்டுகள் அங்கத்தவராக விளங்கினார். கமத்தொழில், மின்சாரம், காலநிலை என்பவற்றைத் தனித்தனி இலாகாக்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதைக் கண்டு உலகம் கவலைப்படும் இக்காலத்தில், அவர் கொண்ட கொள்கையையும், அது நடைமுறைக்கு வந்தபோது விளைந்த நன்மை தீமைகளையும் எண்ணிப் பார்ப்பது பயனுடையதாகும்.

நொரிஸ் 1861ஆம் ஆண்டு யூலை மாதம் 11ஆம் திகதி ஒகாயோ மாநிலத்தில் ஓர் எளிய கமக்காரர் குடும்பத்திற் பிறந்தார். பன்னிரு பிள்ளைகளுள் அவர் பதினோராமவர். 1864ஆம் ஆண்டில் தமையனார் ஒருவர் உள்நாட்டுப் போரில் உயிர்நீத்தார். அவ்வாண்டு முடிவதற்குள் தந்தையாரும் மறைந்தார். மூன்று வயதுச் சிறுவனையும் ஏனைய பிள்ளைகளையும் தாயாரே உழைத்து வளர்த்தார். ஒருநாள் அத்தாயார் பழமரக் கன்றொன்றை நட்டபோது, அது காய்க்குங் காலம் வரை தாம் உயிரோடிருக்கப் போவதில்லையே, பின் எதற்கு இந்த வீண் உழைப்பு என்று மகன் வினவினாராம். தாம் காணாவிடினும் யாரேனும் ஒருவர் காண்பார் என்பதே தாயாரின் விடையாக இருந்தது. தம் முதுமையில் எழுதிய சுயசரிதையில் நொரிஸ் இந்நிகழ்ச்சியை மறவாது குறித்துள்ளார்.

அயற் கமங்களிற் கூலிவேலை செய்தும், பின்னர்ப் பாடசாலை ஆசிரியராகப் பணிபுரிந்தும் அவர் சட்டம் பயின்றார். 1885ஆம் ஆண்டில் நெபிராஸ்காவுக்குக் குடிபெயர்ந்தார். அம்மாநிலம் பரந்த புல்வெளி நாடு. கிழக்கே ஓரளவு மழையுண்டு. மேற்கே செல்லச் செல்ல அது குறைந்துகொண்டே போகும். மரங்கள் அருகியிருந்த காரணத்தாற் போலும், மர நடுகைக்கெனத் தனியொரு நாள் குறிக்கும் வழக்கம் 1872ஆம் ஆண்டில் அம்மாநிலத்திலேயே தொடங்கியது. நல்ல மழை பெய்த ஆண்டுகளை நம்பிக் குடியேறியோர், 1890களில் வந்த கொடிய வரட்சியில் விளைச்சலையிழந்து, நிலத்தை ஈடுவைத்துப் பெற்ற கடனைத் தீர்க்க வழியின்றித் தவித்தனர். 1895ஆம் ஆண்டில் மாவட்ட நீதிபதியாகத் தெரிவான நொரிஸின் மன்றுக்கு அவ்வழக்குகள் திரளாக வந்தன. கடன் கொடுத்தோரின் உரிமையை அவர் மறுத்தாரல்லர். ஆனால், நேர்மையாக உழைத்தும் மழையினால் வஞ்சிக்கப்பட்டவனுக்கு இன்னும் ஒரு போகம் விளைவிக்க அவகாசம் அளித்தல் தகும் எனக் கருதி, ஏல விற்பனையை உறுதிசெய்வதைத் தாமதப்படுத்தினார். வானத்தின் தவற்றுக்கு உழவன் ஒருவனே தண்டனை பெறுவது நீதியன்று என்ற எண்ணம் அவருள்ளத்தில் அக்காலத்திலேயே வேரூன்றியிருந்தது.

குடியரசுக் கட்சியின் சார்பில் 1902இற் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவானாராயினும், கட்சித் தலைமையின் கட்டளைக்கு அடங்கி நடப்பது அவர் இயல்பன்று. 1910ஆம் ஆண்டில், சபாநாயகர் கனன் என்பாரின் எல்லையற்ற அதிகாரத்தை ஒடுக்கிய தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அவரே. 1917ஆம் ஆண்டில் அமெரிக்கா முதலாம் உலகப் போரிற் சேர்வதை எதிர்த்து வாக்களித்த ஆறு செனற்றர்களுள்ளும் அவர் ஒருவர். இவ்வாறு தனித்து நிற்கும் துணிவு பெற்றிருந்தமையாலேயே பின்னர் அவர் நடத்திய நீண்ட போராட்டம் இயல்வதாயிற்று.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் நாட்டுப் பழமொழி. போருக்குப் பின் அமெரிக்க உழவரின் நிலையும் அதுவே. போர்க்காலத்தில் விளைச்சலைப் பெருக்குமாறு ஊக்கப்பட்ட அவர்கள், 1920, 1921ஆம் ஆண்டுகளில் விலை வீழ்ந்தபோது கைவிடப்பட்டனர். நிலக்கரியிலும் சோளம் மலிவாயிருந்ததால், நெபிராஸ்காவிற் கமக்காரர் சிலர் சோளத்தையே அடுப்பெரித்துக் குளிர்காய்ந்தனர். அதேவேளை ஐரோப்பாவிலே பட்டினி நிலவிற்று. செனற் சபையின் கமத்தொழிற் குழுவுக்குத் தலைவராயிருந்த நொரிஸ், அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஒன்று மிகை விளைவைக் கொள்வனவு செய்து, வெளிநாடுகளுக்குக் கடன் அடிப்படையில் விற்கவேண்டும் என 1921இல் மசோதாவொன்றைக் கொண்டுவந்தார். விளைவிப்பவனுக்கும் உண்பவனுக்கும் இடையே நிற்போர் பெறும் பங்கு அளவுக்கு மிஞ்சியது என்பது அவர் வாதம். அம்மசோதா நிறைவேறவில்லை, அதனிடத்திற் கடன் வசதியை விரிவாக்கும் வேறொரு சட்டமே வந்தது. விலையைச் சீர்செய்யாது கடனை மட்டும் பெருக்குவது உழவனுக்கு உதவாது என்ற படிப்பினையை இது அவருக்குத் தந்தது.

இக்குழுவின் முன்னேதான் மசில் ஷோல்ஸ் என்னும் பிரச்சினையும் வந்து சேர்ந்தது. அலபாமா மாநிலத்தில் டெனசி ஆறு பாறைகள் நிறைந்த ஓரிடத்தில் வேகமாகப் பாய்கின்றது. அவ்விடத்திற்கே மசில் ஷோல்ஸ் என்று பெயர். போருக்கு வேண்டிய வெடிமருந்தின் மூலப்பொருளாகிய நைத்திரேற்றை அங்கே உற்பத்தி செய்யவும், அதற்கு வேண்டிய மின்சாரத்தைப் பெற அணை கட்டவும் 1916ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. வெடிமருந்துக்கு உதவும் நைத்திரேற்றே சமாதான காலத்திற் பசளைக்கும் உதவும். வில்சன் அணை எனப் பெயர்பெற்ற அவ்வணையின் வேலை 1918இல் தொடங்கியது. அது முடியுமுன் போர் முடிந்தது. பெருந்தொகைப் பொதுப்பணம் செலவான அவ்வேலையை என்செய்வது என அரசாங்கம் திகைத்து நின்றது.

1921ஆம் ஆண்டில், மோட்டார் வண்டிச் செல்வராகிய ஹென்றி போர்ட் ஒரு யோசனையுடன் முன்வந்தார். நைத்திரேற்று ஆலைகளை 50 இலட்சம் டொலருக்கு விலைக்கும், அணைகளை 100 ஆண்டுக் குத்தகைக்கும் தமக்குத் தந்தால், உழவருக்கு மலிவான பசளை செய்து தருவதாக அவர் வாக்களித்தார். தென் மாநில உழவர் அவரை ஓர் இரட்சகராகவே கருதினர். பெரிய உழவர் இயக்கமும் அவர் பக்கமே நின்றது. 1924இற் பிரதிநிதிகள் சபையும் அவ்யோசனையை ஏற்றுக்கொண்டது.

உழவரின் நண்பரெனப் பெயர்பெற்ற நொரிஸ், உழவரே விரும்பிய அவ்யோசனையை எதிர்த்தமை அக்காலத்திற் பலருக்கு வியப்பையும் சினத்தையும் ஊட்டிற்று. அவர் கூறிய காரணங்கள் தெளிவானவை. மக்கள் பணத்திற் கட்டிய சொத்தை அதன் செலவில் ஒரு சிறு பகுதிக்கு விற்பது முறையன்று. 1920ஆம் ஆண்டு நீர்வலுச் சட்டம் ஆற்றின் பயன்பாட்டு உரிமையை 50 ஆண்டுகளுக்கு மேல் எவருக்கும் வழங்கலாகாது என விதித்திருக்க, ஒருவருக்கு மட்டும் 100 ஆண்டு அளிப்பது சட்டத்தையே கேலிசெய்வதாகும். பசளை என்பது உழவரைக் கவரும் வார்த்தை. மெய்யான செல்வம் மின்சாரமே. அதைப் பெற்றவர் நாளடைவில் அப்பள்ளத்தாக்கையே தம் ஆட்சிக்குட் கொண்டுவருவார். இவ்வாறு அவர் வாதிட்டார். செனற் சபையின் இணக்கம் கிட்டாமையால் 1924 ஒக்டோபரிற் போர்ட் தம் யோசனையை மீளப் பெற்றுக்கொண்டார்.

மசில் ஷோல்ஸ் நெபிராஸ்காவிலிருந்து பல நூறு மைல் தொலைவிலுள்ளது. நொரிஸின் தொகுதி மக்களுக்கு அதனால் உடனடி ஆதாயம் யாதுமில்லை. எனினும் அவர் அதை விடவில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மின்சாரம் பொதுவுடைமையாக நடத்தப்படும் முறையை ஆராய்ந்து, அங்குள்ள வீட்டாரின் மின்கட்டணத்தையும் எல்லைக்கிப்பால் அமெரிக்க வீட்டார் செலுத்தும் கட்டணத்தையும் சபையில் ஒப்பிட்டுக் காட்டினார். அரசாங்கமே அணையை நடத்தவேண்டும் என்ற அவர் மசோதா 1928இல் இரு சபைகளிலும் நிறைவேறிற்று. சனாதிபதி கூலிட்ஜ் கையொப்பமிடாது அதனை மடியவிட்டார். 1931இல் மீண்டும் நிறைவேறிற்று; சனாதிபதி ஹூவர் தம் மறுப்பதிகாரத்தால் அதனைத் தள்ளினார். இவ்விருவரும் நொரிஸ் சார்ந்த குடியரசுக் கட்சியினரே.

கட்சிக்குள்ளிருந்த எதிரிகள் வேறு வழிகளையும் நாடினர். 1930ஆம் ஆண்டுத் தேர்தலில், அவர் பெயரையே முற்றும் ஒத்த பெயருடைய பலசரக்கு வியாபாரி ஒருவரை அபேட்சகராக நிறுத்தி, வாக்காளரைக் குழப்ப முயன்றனர். நியமனப் பத்திரம் உரிய காலங் கடந்து வந்தமையால் அச்சூழ்ச்சி பலிக்கவில்லை. நொரிஸ் வெற்றிபெற்றார்.

இப்போராட்டத்தினிடையே அவரது கொள்கையும் வளர்ந்தது. 1927ஆம் ஆண்டில் மிசிசிப்பி ஆற்றிற் பெருவெள்ளம் வந்தபோது, கரையை மேன்மேலும் உயர்த்துவதே பரிகாரம் எனப் பொறியியலாளர் பலர் கூறினர். நொரிஸோ வெள்ளத்தை அது பிறக்கும் இடத்திலேயே தடுக்கவேண்டும் என்றார். கிளையாறுகளின் மேற்பகுதிகளில் நீர்த்தேக்கங்கள் அமைத்தால், மாரியில் வெள்ளம் தணியும். தேக்கிய நீரைக் கோடையிற் படிப்படியாகத் திறந்துவிட்டால், கீழேயுள்ள அணைகளில் ஆண்டு முழுவதும் மின்சாரம் பிறக்கும். கப்பற் போக்குவரத்துக்கும் பாசனத்துக்கும் நீர் கிடைக்கும். மலைச்சரிவிற் காடு வளர்த்தால் தேக்கம் மண்ணால் தூர்ந்து போகாது. அதே மின்சாரத்தாற் பசளை செய்து வெளுத்த நிலத்தை வளப்படுத்தலாம். ஆறு ஒன்று, ஆகவே அதனை ஆளும் நிறுவனமும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பதே அவர் கண்ட முடிபு.

1933ஆம் ஆண்டு ஜனவரியில், பதவியேற்கவிருந்த பிராங்ளின் ரூஸ்வெல்ற் நொரிஸையும் உடனழைத்துக்கொண்டு மசில் ஷோல்ஸைச் சென்று பார்த்தார். அவ்வாண்டு மே மாதம் 18ஆம் திகதி டெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபைச் சட்டத்திற் சனாதிபதியின் கையொப்பம் விழுந்தது. ஏழு மாநிலங்களின் பகுதிகளைத் தழுவிய அந்நதிப் பிரதேசத்தின் வெள்ளத் தடுப்பு, மின்சாரம், மண்பாதுகாப்பு, பசளை யாவும் ஒரே சபையின் பொறுப்பாயின. சபை முதன்முதற் கட்டிய அணை கிளிஞ்ச் ஆற்றுக்குக் குறுக்கே 265 அடி உயரமாக 1936இல் நிறைவெய்தியது. அதற்கு நொரிஸ் அணை என்றே பெயரிடப்பட்டது.

அணையிற் பிறக்கும் மின்சாரம் உழவன் வீட்டை அடையாவிட்டால் அதனாற் பயன் என்ன? 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கமங்களுட் பத்தில் ஒன்றுக்கே ஏறக்குறைய மின்சாரம் இருந்தது. வீடுகள் தூரந்தூரமாக இருப்பதால் இலாபமில்லை என்று கூறிய தனியார் கம்பனிகள், கம்பி இழுக்க மைல் ஒன்றுக்கு 1,500 டொலருக்கு மேற்பட்ட தொகையைக் கேட்டன. ஆகவே கிராமத்துப் பெண்கள் கிணற்றுநீரைக் கையாற் சுமந்தனர். மண்ணெண்ணெய் விளக்கில் இரவைக் கழித்தனர். செனற் சபையில் நொரிஸும் பிரதிநிதிகள் சபையில் ரெக்சாஸ் மாநிலத்தவரான ரேபேணும் முன்னின்று நிறைவேற்றிய 1936ஆம் ஆண்டுக் கிராம மின்சாரச் சட்டம், குறைந்த வட்டிக்கு நீண்டகாலக் கடன் வழங்க ஏற்பாடு செய்தது. கடன் வழங்குவதிற் பொது நிறுவனங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் முதலிடம் வேண்டும் என்பதில் நொரிஸ் உறுதியாக நின்றார். உழவர் தாமே சங்கங் கூடி, மைலுக்கு 1,000 டொலருக்குங் குறைந்த செலவிற் கம்பி இழுத்துக் காட்டினர். 1950களின் நடுப்பகுதிக்குள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட கமங்களில் விளக்கெரிந்தது.

இச்சட்டங்கள் உருவாகிய அதே ஆண்டுகளிற்றான் இயற்கையும் தன் கடுமையைக் காட்டியது. புல்லை உழுது புரட்டிக் கோதுமை விதைத்த சமவெளிகளில், மழை பொய்த்தபோது மண் தூளாகிக் காற்றோடு பறந்தது. 1935ஆம் ஆண்டு மே மாத இறுதியில், நொரிஸின் சொந்த ஊராகிய மக்குக் நகரின் அருகே பாயும் ரிப்பப்ளிக்கன் ஆறு திடீரெனப் பெருகி, அப்பள்ளத்தாக்கில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. வரட்சியும் வெள்ளமும் ஒரே நிலத்தை ஒரே காலத்தில் வருத்தின. காற்றைத் தடுக்க, வட டகோற்றா முதல் ரெக்சாஸ் வரை வரிசை வரிசையாக மரம் நடும் அரசாங்கத் திட்டம் 1942 வரை நடைபெற்று, 22 கோடிக்கு மேற்பட்ட மரங்கள் நடப்பட்டன. கமக்காரர் தத்தம் நிலத்தில் மரம் வளர்ப்பதற்குக் கன்றும் ஆலோசனையும் வழங்க வகைசெய்த 1937ஆம் ஆண்டுச் சட்டம், நொரிஸ், டொக்சி என்னும் இருவர் பெயரால் வழங்கும். காலநிலையை மனிதன் மாற்றலாகாது என்று எண்ணியிருந்த அக்காலத்தில், நிலத்தை நடத்தும் முறையால் அதன் கொடுமையைக் குறைக்கவும் கூட்டவும் இயலும் என்பதை அவ்வனுபவம் உணர்த்திற்று.

ஏனைய ஆறுகளுக்கும் இத்தகைய சபைகள் ஏழு நிறுவவேண்டும் என 1937இல் நொரிஸ் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. ஆனால் அவருடைய சொந்த மாநிலத்தில் அவர் கொள்கை வேறு வழியில் முழு வெற்றி பெற்றது. 1933ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்கீழ்ப் பொது மின்சார, பாசன மாவட்டங்கள் தோன்றின. 1940களின் பிற்பகுதிக்குள் தனியார் கம்பனிகள் யாவும் பொதுவுடைமையாயின. மின்விநியோகம் முழுவதும் பொது நிறுவனங்களின் கையிலுள்ள ஒரே அமெரிக்க மாநிலம் இன்றும் நெபிராஸ்காவே.

நன்மைகளை மட்டும் கூறி நிறுத்துவது வரலாறாகாது. நொரிஸ் அணையின் நீர்த்தேக்கத்துக்காக ஏறக்குறைய 3,000 குடும்பங்கள் ஊரைவிட்டு எழுப்பப்பட்டன. லொயிஸ்ரன் என்னும் சிற்றூர் நீரில் மூழ்கியது. 5,000க்கு மேற்பட்ட சமாதிகள் தோண்டி வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. நிலச்சொந்தக்காரருக்கு விலை கிடைத்தது. பிறர் நிலத்தைக் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுதோருக்கு அந்நிலத்திற்கென எதுவும் கிடைக்கவில்லை. அணையருகே அமைந்த நொரிஸ் என்னும் மாதிரி நகரிற் கறுப்பினத்தவர் குடியிருக்க இடமளிக்கப்படவில்லை. நிலமற்ற உழவனின் இன்னலை நீதிமன்றத்திற் கண்டு இரங்கியவரின் பெயரைத் தாங்கிய அணையே வேறு உழவரை நிலமற்றோராக்கியது வருந்தத்தக்க முரண்பாடாகும்.

முரண்பாடு அத்துடன் முடியவில்லை. 1942ஆம் ஆண்டில் அணுகுண்டு ஆராய்ச்சிக்கென ஓக் ரிட்ஜ் என்னும் இடம் தெரிவு செய்யப்பட்டதற்கு, அருகே கிடைத்த அதிகாரசபையின் மின்சாரமே முக்கிய காரணங்களுள் ஒன்று. போரை எதிர்த்தவர் பெற்றுக்கொடுத்த ஆற்றல் போருக்கே பயன்பட்டது. போருக்குப் பின் மின்தேவை பெருகவே, ஆறுகள் போதாவாயின. சபை நிலக்கரியை நாடியது. 1950களின் நடுப்பகுதியில் நீரினாற் பெற்றதிலும் நிலக்கரியாற் பெற்ற மின்சாரமே மிகுந்தது. 1955இற் கட்டி முடித்த கிங்ஸ்ரன் நிலையம் அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய நிலக்கரி மின்நிலையமாக விளங்கிற்று. 2008ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி அங்கே சாம்பற் குளத்தின் அணைகரை உடைந்து, 100 கோடி கலனுக்கு மேற்பட்ட சாம்பற் சேறு ஆற்றிலும் நிலத்திலும் பாய்ந்தது. ஆற்றையும் மண்ணையும் காப்பதற்கெனத் தோன்றிய நிறுவனத்தின் வரலாற்றில் இது மறக்கவொண்ணாத பாடமாகும். மின்சாரம் யாருடைய உடைமை என்ற வினாவுக்கு நொரிஸ் விடை கண்டார். அது எதிலிருந்து பிறக்கின்றது, அதனால் வானமும் மண்ணும் என்னாகும் என்ற வினா அடுத்த தலைமுறைகளுக்கு எஞ்சியது. பொதுவுடைமை ஒன்றே அவ்வினாவுக்கு விடையாகாது என்பதைக் கிங்ஸ்ரன் காட்டிற்று.

டெனசியின் முன்மாதிரி கடல் கடந்தும் சென்றது. இந்தியாவில் 1948இல் தாமோதர்ப் பள்ளத்தாக்குக் கூட்டுத்தாபனமும், இலங்கையில் 1949இற் கல்லோயா அபிவிருத்திச் சபையும் அம்மாதிரியைப் பின்பற்றியே அமைந்தன. அணையின் உயரமும் மின்சாரத்தின் அளவும் எளிதிற் கணக்கிடப்படுவன. எழுப்பப்பட்டவர் எங்கே சென்றனர், புதிய நீரும் நிலமும் யாருக்குச் சேர்ந்தன என்பவை அவ்வளவு எளிதிற் கணக்கில் ஏறுவனவல்ல. எந்த நாட்டிலாயினும் ஒரு நதித் திட்டத்தை மதிப்பிடும்போது இவ்விரு கணக்குகளும் ஒருங்கே வேண்டும்.

1942ஆம் ஆண்டுத் தேர்தலில் நொரிஸ் தோல்வியுற்றார். தாம் விளக்கேற்றிவைத்த கமக்காரரின் வாக்குகளே தம்மைக் கைவிட்டமை அவரை மிகவும் வாட்டியது. மக்குக்கிலுள்ள தம் இல்லத்துக்குத் திரும்பிய அவர் 1944ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 2ஆம் திகதி காலமானார். அவர் தொடங்கிய வேலைகளிற் சில அவர் எண்ணியவாறே காய்த்தன, சில கைத்தன. ஆயினும், மழையையும் மண்ணையும் மின்சாரத்தையும் வெவ்வேறாகப் பிரித்துப் பார்க்கும் எந்தக் கொள்கையும் உழவனைக் காவாது என்று அவர் கண்ட உண்மை இன்றும் மாறவில்லை. உழவரின் பேரால் முன்வைக்கப்படும் ஒரு யோசனையை உழவரே வரவேற்பினும், அதன் முடிவான பயன் யாருக்கு என்று கேட்கும் துணிவு அவருக்கு இருந்தது. கிராமத்திலிருந்து சட்டசபைக்குச் செல்லும் எவரும் அவரிடம் கற்கவேண்டியது அத்துணிவேயாகும்.